லீற்றருக்கு இருபது கிலோமீற்றர்

என் கணவருக்கு வாகனம் பார்க்கும் பொறுப்பை யாரும் என்னிடம் தரவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பெரும்பாலான பொறுப்புகள் இப்படித்தான் கைமாறும். அவர் ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டே இருப்பார், யோசித்து முடிப்பதற்குள் நான் அதைச் செய்து முடித்திருப்பேன்.

அவர் கணித ஆசிரியர். கெலிஓயாவுக்கு மேலே, மலைக்குள் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் பதினைந்து வருடங்களாகப் படிப்பிக்கிறார். அவர் பிறந்தது அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், படித்ததும் அதே பாடசாலையில். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்து வந்தவள். இரண்டு வருடத்தில் மாற்றம் எடுத்து ஊருக்குப் போய்விடுவேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்துவிட்டு வந்தேன். அந்தச் சத்தியம் என்ன ஆனது என்பதற்கு இந்த மனிதர்தான் சாட்சி.

பதினைந்து வருடமும் அவர் மோட்டார் சைக்கிளில்தான் மலை ஏறினார். போன மழைக்காலத்தில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். முதல் தடவை சிராய்ப்பு. இரண்டாம் தடவை முழங்கால். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர், இனி மோட்டார் சைக்கிள் கூடாது, ஏற்றத்தில் நடக்கவும் கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அந்தத் தோட்டத்துக்கு பஸ் கிடையாது. ஆக இரண்டே வழிதான். ஒன்று வாகனம், அல்லது டவுனில் ஒரு பாடசாலைக்கு மாற்றம்.

"மாற்றம் கேட்டு எழுதிடுறேன்" என்றார் அவர், ஏதோ சீனி முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல. ஆனால் அன்று இரவு பிட்டைத் தட்டில் வைத்து அரைமணி நேரம் உதிர்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பாடசாலைக்கு வந்த கணித ஆசிரியர்கள் எல்லாம் வந்த வேகத்தில் மாற்றம் வாங்கிப் போனவர்கள். நின்றவர் இவர் ஒருவர். இவரும் போனால் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாவிட்டால் அவர்கள் அதற்கு மேல் படிக்க முடியாது. கொழுந்துக் கூடையோ கொழும்புக் கடையோதான். இது இவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். எனவே வாகனம் என்று நான் முடிவெடுத்தேன்.

ஒரு புதுக் கொப்பி வாங்கினேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவளுக்கு எதையும் அளக்காமல் நம்ப முடியாது. முதலில் ஆசன உயரம். தாழ்ந்த காரில் ஏறி இறங்க முழங்காலை மடக்க வேண்டும், அது ஆகாது. ஆசனம் அவருடைய இடுப்புக்குச் சற்றுக் கீழே இருந்தால் சாய்ந்தபடியே உட்கார்ந்துவிடலாம். ஆகவே அவர் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது தையல் நாடாவால் இடுப்பு உயரத்தை அளந்தேன்.

"என்னம்மா, சவப்பெட்டிக்கா அளவு எடுக்குற?"

"வாயைக் கழுவுங்கோ. நேரா நில்லுங்கோ."

அடுத்தது, தோட்டத்து ரோட்டின் கற்கள் அடியில் இடிக்காத உயரம். அந்த வளைவுகளில் திரும்பும் அளவுக்குச் சின்ன உடம்பு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோல். நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன அந்த வருடத்தில், இவர் மோட்டார் சைக்கிளோடு இரண்டு பகல் வரிசையில் நின்றிருக்கிறார். நான் சோற்றுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அந்த வரிசையைக் கண்டவர்கள் பெற்றோல் முள் பாதிக்கு இறங்கினாலே இன்றும் நிலையத்துக்கு ஓடுவார்கள். குடிகார வாகனம் எங்கள் வாசலுக்கே வரக்கூடாது என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டேன்.

மூன்று சனிக்கிழமைகள் கட்டுகஸ்தோட்டையில் வாகனம் விற்கும் கார் சேல் கார் சேலாக ஏறி இறங்கினோம். வாகன இறக்குமதி மறுபடி திறந்திருந்த காலம், கண்ணாடி போல மினுக்கிய வாகனங்கள் வரிசையாக நின்றன. நான் ஒவ்வொன்றின் கதவையும் திறந்து, ஆசனத்தை அளந்து, குனிந்து அடியைப் பார்த்தேன். இவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் தெரியாத பக்கத்து உறவினர் மாதிரி எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி வந்தார்.

கடைசியில் மாவலி ஆற்றுப் பாலத்துக்குக் கிட்ட ஒரு முஸ்லிம் முதலாளியின் இடத்தில் அது கிடைத்தது. பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட். எங்கள் பக்கத்தில் சின்ன ஜீப் என்பார்கள், ஜீப்பின் உயரம், காரின் உடம்பு. ஆசனம் நாடாவுக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. நான் விடவில்லை. பக்கத்திலிருந்த செங்குத்தான ஒழுங்கை ஒன்றுக்கு முதலாளியையும் ஏற்றிக்கொண்டு போய், பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னேன். வாகனம் ஒரு சாண்கூடப் பின்னுக்குப் போகவில்லை. பின் ஆசனத்தில் முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினார்.

"மிஸ், நான் இருபது வருசமா வாகனம் விக்கிறன். இப்பிடி யாரும் என்னைய பரீட்ச எழுத வெச்சதில்ல" என்றார் இறங்கியதும்.

"லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?"

"மலைக்குப் பதினாலு, பதினஞ்சு. அதுக்கு மேல செல்றவன் பொய் செல்றான்."

பொய் சொல்லாத வியாபாரியைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு. ஒரேயொரு விஷயம்தான் மிச்சம், நிறம். அதில் கரும்பச்சையும் வெள்ளையும் இருந்தன. அந்த மூன்று சனிக்கிழமைகளிலும் இவர் வாய் திறந்து கேட்டது ஒரு கேள்விதான்.

"வெள்ளைய எடுத்தா என்னா?"

"வெள்ளையிலை சேறு தெரியும். பச்சைதான் மலைக்குப் பொருத்தம்."

நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் அவர் நாலாவது காலைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். பிள்ளையார் கோயில் வாசலில் நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆசனங்களைச் சுற்றியிருந்த பொலித்தீனைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆறு மாதமாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை பாடசாலைக்குக் கொண்டுபோனார். பின்னேரம் வந்து, "எப்பிடி?" என்று கேட்டதற்கு, "நல்லா ஓடுது" என்றார். செவ்வாயும் நல்லா ஓடுது. புதனும் நல்லா ஓடுது. ஆனால் முழங்கால் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடி, வீங்கவும் தொடங்கியது. எனக்கு ஆசனத்தின் மேல் சந்தேகம் வந்து ஒரு மெத்தைத் துண்டு தைத்துப் போட்டேன். பிறகு அதை எடுத்துவிட்டு இன்னொன்று தைத்தேன். அவர் இரண்டின் மேலும் மறுப்பில்லாமல் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நானே எங்கள் தெருமுனைப் பெற்றோல் நிலையத்துக்கு ஓட்டிப்போனேன். வாகனத்தின் திரையில் வரும் கணக்கை நான் நம்புவதில்லை. ஞாயிறு பின்னேரம் தாங்கியை விளிம்புவரை நிரப்பி, தூர மீற்றரைப் பூச்சியமாக்கி வைத்திருந்தேன். இப்போது மறுபடி நிரப்பினால் எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் உண்மையான செலவு. ஏழு தசம் இரண்டு லீற்றர் பிடித்தது. மீற்றர் நூற்று நாற்பத்துநாலு காட்டியது. லீற்றருக்கு இருபது! அந்தப் பெற்றோல் நிலையத்தில் நான் துள்ளவில்லை, அவ்வளவுதான். வீட்டு வாசலில் நிறுத்தியவுடனேயே முதலாளிக்குப் போன் எடுத்து, உங்கள் வாகனம் தங்கம் என்றேன்.

அவர் நம்பவில்லை.

"மிஸ், அது வராதே. அந்த மலைக்கு இருபது வராது. சார் மலைக்கு ஏறுறாரா, இல்லாட்டி வாகனம் எங்கயாச்சும் நிழல்ல நிக்குதா?"

பகிடிக்குத்தான் சொன்னார். போனை வைத்தபிறகு நான் ஆசனத்திலேயே இருந்து கொப்பியைத் திறந்தேன். வீட்டிலிருந்து பாடசாலை பதினாறு கிலோமீற்றர். போக வர முப்பத்திரண்டு. ஐந்து நாளைக்கு நூற்று அறுபது வரவேண்டும். மீற்றரில் பதினாறு குறைவு. பதினாறு ஐந்தால் பிரிபடவில்லை, நாலால் பிரிபட்டது: நாலு நாள், ஒரு நாளைக்கு நாலு, ஒரு பயணத்துக்கு இரண்டு. அந்த ரோட்டில் எந்த இரண்டு கிலோமீற்றர் என்று யோசிக்கவே தேவையில்லை. பேக்கரிச் சந்தியிலிருந்து பாடசாலை வரைக்கும் உள்ள தோட்டத்து ஏற்றம் சரியாக இரண்டு.

உள்ளே போனபோது அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"வாகனத்தைச் சந்தியிலை விட்டிட்டு நடந்தே போறனீங்கள்?"

பேனையை மூடினார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர், ஆனால் அன்று நழுவவில்லை. "ஆமா" என்றார்.

"அந்தக் காலோடை? உங்களுக்கு விசரே? நான் இஞ்ச மெத்தை மெத்தையா தைச்சுக்கொண்டிருக்கிறன்!"

"மொத நாளு ஏறுனேன்மா" என்றார் அவர். "ரெண்டாவது வளைவுல அவ வந்துக்கிட்டிருந்தா."

அவ என்றால் யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய கதைகளில் அடிக்கடி வருகிறவள். முதலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை இவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். கணக்கில் எப்போதும் இவரை விட இரண்டு புள்ளி கூட எடுப்பவளாம். தாய் சுகமில்லாமல் படுத்ததும் படிப்பை விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போனாள். இன்றைக்கும் அதே மலையில் கொழுந்து எடுக்கிறாள். அவளுடைய மூத்த மகள் இப்போது இவருடைய சாதாரண தர வகுப்பில். மோட்டார் சைக்கிளில் போகும்போது இவர் நிறுத்தி மகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார், அவள் இவருடைய தலை வழுக்கையைப் பற்றிப் பேசுவாள்.

"கூடையோட ரோட்டோரத்துல தண்ணி ஓடுற கானுக்குள்ள எறங்கி நின்னுட்டா. கொடைய மடக்கிட்டா. மழ கொட்டுது, தலைய குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா. தோட்டத்துத் தொரையோட ஜீப்புன்னு நெனச்சிட்டா. அதுவும் பச்சைதானே. நாங்க சின்னப் புள்ளைல அப்புடித்தான் நிக்கணும். ஜீப்பு தாண்டுற வரைக்கும் ரோட்டுல கால் வைக்கக் கூடாது. நானும் அவளும் பொஸ்தகப் பையோட எத்தன நாளு நின்னிருக்கோம். இப்ப அவ கானுக்குள்ள, நான் உள்ளுக்குள்ள."

"கண்ணாடியை இறக்கிக் கதைச்சிருக்கலாமே?"

"கை வரல. தாண்டிப் போயிட்டேன்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் அவர் மேல் இல்லை, என் கொப்பியின் மேல். எங்கள் ஊரில் ஜீப் என்றால் இராணுவ ஜீப், அது வேறு பயம், நாங்கள் ஓடிப்போய் வீட்டுக்குள் ஒளிந்துகொள்வோம். ரோட்டோரம் இறங்கி நிற்கும் மரியாதையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆசனத்தை அளந்தேன், கல்லை அளந்தேன், இந்த மனிதர் வெள்ளை நிறம் ஏன் கேட்டார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பேசாம மாற்றத்துக்கே எழுதிடுறேன்மா" என்றார். "டவுன்ல எந்த ஜீப்புல போனாலும் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

"அவளின்ரை மகளுக்கு ஆர் கணக்குப் படிப்பிக்கிறது?"

அவர் பேனையை மறுபடி திறந்து அடுத்த விடைத்தாளை எடுத்தார்.

"நாளைக்கு மேலதிக வகுப்பு இருக்குத்தானே? நானும் வாறன்."

சனிக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பேக்கரிச் சந்தி வந்ததும் வாகனம் தானாகவே வேகம் குறைந்து ஓரத்துக்குப் போனது, அவருடைய கை அப்படிப் பழகியிருந்தது. நான் முன்னால் உள்ள ஏற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஏறினார்.

இரண்டாவது வளைவைத் தாண்டியதும் முன்னால் மூன்று பெண்கள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முதுகில் கூடை, இடுப்பில் ஈரம் படாமல் சுற்றிய படங்குச் சாக்கு. வாகனச் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே மூன்று பேரும் இடப்பக்கக் கானுக்குள் இறங்கினார்கள், மூன்று குடைகளும் மடங்கின. நிறுத்துங்கோ என்றேன். கான் என் பக்கம்தான். கண்ணாடியை முழுவதுமாக இறக்கினேன். மழை என் மடியில் விழுந்தது. இறக்கிய பிறகுதான் என்ன பேசுவது என்று நான் யோசித்து வைக்கவில்லை என்பது தெரிந்தது. இவர் என்னைத் தாண்டிச் சரிந்து, தலையை ஜன்னலுக்குக் கொண்டுவந்து, "நான்தான்" என்றார். குரல் அரைவாசிதான் வெளியே வந்தது.

நடுவில் நின்றவள் நிமிர்ந்தாள். முதலில் அவரை, பிறகு வாகனத்தை, பிறகு என்னைப் பார்த்தாள்.

"அடப்பாவி! நீயா?" என்றாள். "திங்கக்கெழம போனதும் நீதானா?"

"ஆமா."

"தொரைனு நெனச்சு முட்டிக்கால் தண்ணில எறங்கி நின்னேனே! நீன்னு தெரிஞ்சிருந்தா நடு ரோட்டுல கைய விரிச்சு மறிச்சிருக்க மாட்டேனா?" பிறகு கணக்கில் இரண்டு புள்ளி கூட எடுத்த மூளை வேலை செய்தது. "அப்ப இந்த வாரம் பூரா ஜீப்ப வச்சுக்கிட்டு என்னைய நடக்க விட்டிருக்க?"

மற்ற இரண்டு பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் கணவர் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார், சந்தி, நடை, கூச்சம் என்று. அவள் காது கொடுக்கவில்லை. கானிலிருந்து ஏறி என் கதவைத் திறந்தாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நீங்க பின்னுக்குப் போங்க. நான் முன்னுக்கு உக்காரணும். இம்புட்டு வருசமா ஜீப்ப வெளியில நின்னுதான் பாத்திருக்கேன்."

நான் மகாராணிக்கு வழி விடுவதுபோல இறங்கினேன். பின்னால் இரண்டு பெண்கள், மூன்று கூடைகள், நடுவில் நான். கூடையிலிருந்து ஒரு அட்டை இறங்கி என் மணிக்கட்டில் ஏறியது. தினமும் பத்துப் பேருடைய இரத்தம் எடுக்கிற நான் அலறிய அலறலில் வாகனமே அதிர்ந்தது. பக்கத்துப் பெண் அதை விரலால் சுண்டி வெளியே எறிந்துவிட்டு, "ஒண்ணும் செய்யாது மிஸ், கொஞ்சந்தான் குடிக்கும்" என்றாள். முன்னால் அவளோ ஆசனத்தில் வழுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொலித்தீன ஏன் கழட்டல? ஜவுளிக்கடையா வச்சிருக்க?" என்று என் கணவரைக் கேட்டாள். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே இயற்கையை ரசித்தேன்.

அப்போதுதான் மேல் வளைவில் முகப்பு விளக்குகள் தெரிந்தன. உண்மையான தோட்டத்து ஜீப் இறங்கி வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு வாகனம்தான் போகலாம். மலை ரோட்டில் எல்லோரும் மதிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஏறுகிற வாகனத்துக்குத்தான் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். ஆனால் தோட்டத்து ரோட்டில் தொரையின் ஜீப் ஏறினாலும் இறங்கினாலும் அதற்குத்தான் வழி. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

ஜீப் விளக்கை இரண்டு தடவை மினுக்கியது. என் கணவரின் கை ரிவேர்ஸுக்குப் போனது. யோசித்துப் போகவில்லை, தும்மல் வருவதுபோலப் போனது.

அவள் தன் ஈரக் கையை அவர் கைமேல் வைத்தாள்.

"ஏறுற வண்டிக்குத்தான் வழி" என்றாள் மெதுவாக. "பாடசாலப் புள்ளைகளுக்கு நீதானே சரியானத சொல்லிக் குடுக்கிற."

மழைத் துடைப்பான் மட்டும் இங்கும் அங்கும் போய்வந்தது. என் கணவர் கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தார், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். ஹோர்ன் அடிக்கவில்லை, விளக்குப் போடவில்லை. சும்மா நின்றார். அந்தப் பின்கழுத்தைப் பார்த்தபோது, இந்த மனிதரைக் கட்டியதற்காக அம்மாவிடம் நான் கேட்ட ஏச்செல்லாம் பெறுமதியானது என்று தோன்றியது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. பிறகு ஜீப் மெல்லப் பின்னுக்குப் போகத் தொடங்கியது. வளைந்து வளைந்து வளைவு அகலமாகும் இடம் வரைக்கும் போய், மலைச்சுவரோடு ஒட்டி நின்றது. நாங்கள் ஏறி அதைக் கடந்தோம். உள்ளே இருந்தவர் இளம் வயதுக்காரர், எங்களைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். முன் ஆசனத்தில் இருந்தவள் கண்ணாடியைக் கடைசிவரை இறக்கி, தலையில் கிடந்த துணியைச் சரிசெய்து, மகா மரியாதையாக, "தேங்ஸ் சார்" என்றாள்.

வளைவு தாண்டியதுதான் தாமதம், வாகனத்துக்குள் வெடித்த சிரிப்பில் யார் சிரிப்பு எது என்று தெரியவில்லை. என் கணவர் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். மாற்றக் கடிதம் இனி எழுதப்படாது என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பாடசாலை வாசலில் குடையும் புத்தகமுமாகப் பிள்ளைகள் நின்றார்கள். அவளுடைய மகள், முன் ஆசனத்தில் தாயைக் கண்டு, வாயைத் திறந்தபடி நின்றாள்.

அவள் இறங்கவில்லை. மகளுக்கு ஜன்னலால் கையைக் காட்டினாள். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினாள்.

"சார், இன்னொருக்கா கீழ போயிட்டு ஏறி வருவமா?"

ஒரு நாளும் வகுப்புக்குப் பிந்தாத மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிசம் இருக்கு" என்றார். வாகனத்தைத் திருப்பினார்.